வெற்றுக் கோதில் ஒற்றைக் குண்டு நிரப்ப வேண்டாம்

தம்பி, முத்தையன்கட்டில் கச்சான் போட்டிருக்கிறீர்கள், அதை அழிக்க வரும் பன்றி ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈய உருண்டைகள்) பட்டும் ஓடிவிடுகிறது, சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கோதில் வெடிமருந்தைக் கூட்டி ஒற்றை ஈயக் குண்டு நிரப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

12 போர் துவக்கின் குழல் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். பல துவக்குகளில் வாய்ப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும், அதுதான் சோக். கையால் வார்த்த குண்டு மயிரளவு பெருத்தாலும் அங்கே இறுகும். மருந்திலும் ஆபத்து உண்டு. பழைய கரிமருந்து போடும் அளவுக்கு, அதைவிட வீரியம் கூடிய புகையற்ற மருந்தைக் கொட்டினால் குழலே கிழியும். வாழைப்பூ மடல்போல விரிந்த குழல் ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதைப் பிடித்திருந்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. அனுமதியில்லாமல் தோட்டா செய்வது சட்டப்படியும் குற்றம்.

சரி, பன்றி ஏன் விழவில்லை? கடுவன் (ஆண்) பன்றிக்குத் தோளில் தடித்த தோற்கவசம் உண்டு. உருண்டை ரவை தூரம் போகப் போக வேகம் இழக்கும், சின்ன ரவை அந்தக் கவசத்திலேயே நின்றுவிடும். உரிமப் புத்தகத்தைக் காட்டி பெரிய ரவை உள்ள எஸ்ஜி தோட்டா வாங்குங்கள். 20 மீற்றருக்குள் வரட்டும், பக்கவாட்டில் நிற்கட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்பாதியில் குறி வையுங்கள். பின்னால் மாடோ பக்கத்துக் காவல் கொட்டிலோ இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், மாரியில் ஈரம் குடித்து ஊதிய பழைய தோட்டா உள்ளே வழுக்கிப் போகாவிட்டால் அடித்து இறுக்காதீர்கள்.