டயரும் காற்றும்: பீடோர் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

நம்ம பேராக் மாநிலத்து பீடோர், தாப்பா, சுங்கை ஊர்ப் பிள்ளைகள் ஸ்போர்ட்ஸ் காடி வாங்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி டயர்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பீடோர்): அண்ணே, மஸ்டா எம்எக்ஸ்-5, இப்போ வர மாடல்தான், 17 இஞ்ச் ரிம். புது டயர் மாட்டினதிலிருந்து தோட்டத்து ரோட்டுல பின்பக்கம் குதிக்குது. அப்சோர்பர் போயிடுச்சா?

பதில்: அதிர்வைத் தாங்கும் அப்சோர்பரில் கை வைக்கும் முன் காற்றைப் பார், தம்பி. டயர் கடையில் பல பேர் வருகிற காடிக்கெல்லாம் காற்றழுத்தம் 240, 250 கிலோபாஸ்கல் என்று ஒரே அளவாக அடித்து அனுப்பிவிடுவார்கள். உன் காடிக்கு மஸ்டா சொல்வது நான்கு சக்கரத்துக்கும் 200, அதே அழுத்தம் பிஎஸ்ஐ கணக்கில் 29. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், பார்த்துக்கொள். உன் காடி ஆயிரம் கிலோ சொச்சம்தான், அந்த எடைக்கு 250 என்றால் டயரின் சுவர் வளைந்தே கொடுக்காது. மேட்டில் ஏறும்போது டயர் வாங்க வேண்டிய அடியை முழுக்கக் காடியே வாங்கித் துள்ளும், துள்ளுகிற அந்த நேரத்தில் பிடிப்பு இருக்காது. தரையில் பதியும் பரப்பும் குறைந்துபோகும், டயர் நடுவில் மட்டும் தேயும். காலையில், ஓட்டுவதற்கு முன்னால், 200க்கு இறக்கிப் பார். அப்புறமும் குதித்தால் அப்சோர்பரைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி (தாப்பா): டொயோட்டா 86 வச்சிருக்கேன், 215/45ஆர்17. 18 இஞ்ச் ரிம்ல 225/40 போட்டா ஹாண்ட்லிங் தூக்கலா இருக்கும்னு கடைக்காரர் சொல்றார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. முதலில் அந்த எண்களைப் படி. 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். உன் டயர் மொத்தம் ஏறக்குறைய 625 மில்லி உயரம். 18 இஞ்சில் 225/40 போட்டால் 637. கிட்டத்தட்ட 2 சதவீதம் கூடுகிறது, மீட்டர் 110 காட்டினால் உண்மையில் 112 போய்க்கொண்டிருப்பாய், கியரும் கொஞ்சம் சோம்பலாகும். 215/40ஆர்18 என்றால் 629தான், அது பொருந்தும். பின்னால் வந்த ஜிஆர் 86க்கு டொயோட்டாவே அந்த அளவைப் போட்டிருக்கிறது.

சுவர் குட்டையானால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் காடி சட்டென்று திரும்பும், அது நிஜம். ஆனால் ரிம் பெரிதானால் பெரும்பாலும் எடையும் ஏறும், அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் கரடுமுரடான ரோட்டில் சக்கரம் தரையை விட்டு விட்டுத்தான் ஓடும். ஹோண்டா சிவிக் டைப் ஆரையே பார். எஃப்கே8 என்ற முந்தைய மாடலுக்கு 245/30ஆர்20 கொடுத்தார்கள். அடுத்து வந்த எஃப்எல்5க்கு 265/30ஆர்19. ரிம்மை ஒரு இஞ்ச் குறைத்து டயரை அகலமாக்கினார்கள், அவ்வளவு விவரம் தெரிந்தவர்கள்! செம்பனைக் குலை லோரி ஓடி ஓடிப் பள்ளமான ரோட்டில் தினமும் போகிற உனக்கு 17 இஞ்சிலேயே நல்ல டயராக வாங்குவதுதான் லாபம். 18 போட்டால் அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

கேள்வி (சுங்கை): நானும் 86தான். பின்னாடி மட்டும் 245 போடலாமா?

பதில்: போட்டால் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும். முன்னும் பின்னும் எவ்வளவு பிடிப்பு என்ற கணக்குத்தான் காடியின் குணம். எஸ்2000 என்ற ஸ்போர்ட்ஸ் காடியை ஹோண்டா முதலில் விட்டபோது முன்னால் 205, பின்னால் 225. பின்பக்கம் திடீரென்று சுற்றிவிடுகிறது என்று பேச்சு வந்தது. 2004 மாடலில் முன் 215, பின் 245 ஆக்கி, சஸ்பென்ஷனையும் மாற்றிச் சாதுவாக்கினார்கள். உன் 86ஐ நான்கும் ஒரே அளவு என்று வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள், அந்த விளையாட்டுத்தனத்துக்காகத்தானே அதை வாங்கினாய்?

கேள்வி (தாப்பா): கேமரன் மலைக்குப் பழைய ரோட்டில் ஏறும்போது காற்றைக் கூட்டணுமா குறைக்கணுமா, அங்கிள்?

பதில்: எதுவும் வேண்டாம். ஆனால் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம், கீழே இருப்பதைவிடச் சுமார் 10 டிகிரி குளிர். குளிரில் காற்று ஒன்றரை பிஎஸ்ஐ போல இறங்கும். அதே நேரம் மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் காற்று அளக்கும் மானியில் 2 பிஎஸ்ஐ போலக் கூடும். இரண்டும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ரிங்லெட் வரைக்கும் வளைத்து வளைத்து ஓட்டிவிட்டு, சூடான டயரில் அளந்துபார்த்து 'கூடிப்போச்சு' என்று காற்றை இறக்குகிறார்களே, அதைத்தான் செய்யாதே. நன்றாக ஓட்டினால் 4, 5 பிஎஸ்ஐ ஏறுவது சகஜம். அங்கே இறக்கினால் மறுநாள் காலையில் குளிர்ந்த டயரில் குறைவாக இருக்கும், அதோடுதான் இறங்கி வருவாய்.

கேள்வி (பீடோர்): அகல டயர் மழையில் நல்லதுதானே?

பதில்: இல்லை. அகலமான டயர் தண்ணீரை விலக்கச் சிரமப்படும், சீக்கிரம் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் மிதக்கும். காற்று குறைந்தாலும் அப்படித்தான். விமான டயர்களை வைத்து நாசா போட்ட கணக்கு ஒன்று உண்டு, அதன்படி 32 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும், 25 என்றால் 83லேயே. காடி டயருக்கு அப்படியே பொருந்தாது, பூ, அதாவது தரையில் படும் பகுதியின் வெட்டு, தேய்ந்த டயருக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். மாலை மழையில் வேகநெடுஞ்சாலையில் 110 போகிறவர்கள் யோசிக்கட்டும்.

கேள்வி: காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா?

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காசு மிச்சம்.

கேள்வி (சுங்கை): ஸ்டிக்கரில் உள்ளதைவிட எனக்குப் பொருந்தும் காற்று எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்டிக்கர் அளவில் தொடங்கு. டயரின் ஓரத்தில், பூவும் சுவரும் சேரும் இடத்தில், சாக்பீஸால் மூன்று நான்கு கோடு குறுக்கே இழு. ரோட்டில் முட்டாளாட்டம் ஆடாமல் டிராக்கிலோ பூட்டிய இடத்திலோ கொஞ்சம் வேகமாக வளைத்து ஓட்டிவிட்டு இறங்கிப் பார். பல டயர்களில் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், சாக்பீஸ் அதுவரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டிச் சுவர்ப்பக்கம் அழிந்திருந்தால் காற்று குறைவு. முக்கோணத்தை எட்டவே இல்லையென்றால் அதிகம். ஒரு தடவைக்கு 1, 2 பிஎஸ்ஐக்கு மேல் மாற்றாதே, முன்னையும் பின்னையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. முன்பக்கம் தள்ளுகிறது என்று புகார் சொல்கிற முக்கால்வாசிப் பேரின் முன் டயரில் காற்று குறைவாகவே இருக்கும்.

கேள்வி (தாப்பா): தம்பி, மகனுக்குப் பழைய டயர் மலிவா கிடைக்குது, நாலும் 200 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: அக்கா, சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. அப்படி ஏதாவது இருந்தால், பூ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும், ஸ்போர்ட்ஸ் காடிக்கு வேண்டவே வேண்டாம். படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.