பிசியோதெரபியில் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்ட அப்பாவுக்கு

சார், எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்ததும் உங்கள் மகளே பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படிக்கிறேன் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கூடவே, ‘கை கால் பிடித்துவிடுகிற வேலைக்கு நாலரை வருஷப் படிப்பா?’ என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், என் அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் நடக்கும்வரை.

மறுநாள் காலையிலேயே வாக்கரோடு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து நின்றாள். “எழுந்திருங்கம்மா, நாலு அடி நடக்கலாம்.” அம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவள் அசரவில்லை. ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்குக் கை முளைத்த மாதிரி ஒரு கருவியை முழங்கால் பக்கத்தில் வைத்து, கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தாள். 55 டிகிரி. “நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்க 90ஆவது வேணும்மா” என்றாள். அப்புறம் எங்கள் வீட்டை விசாரித்தாள்: வாசலில் எத்தனை படி, பிடித்துக்கொள்ள எந்தப் பக்கம் கம்பி, கக்கூஸ் எந்த மாதிரி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்று அம்மாவை ஒப்பிக்க வைத்தாள். 90 டிகிரி வர மூன்று வாரம் ஆனது.

அங்கே உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது, இது பாதிக்கு மேல் வாத்தியார் வேலை. பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத்தான் நாம் தூக்கி உட்காரவைப்போம். தசை தளர்ந்த தோள்பட்டை அதில் நழுவிவிடும். அப்படி இழுக்காமல் எப்படித் தூக்குவது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது பிசியோதெரபிஸ்ட். மூளையில் சேதமான பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) இடம் மாற்றித் தைத்தால் மட்டும் போதவில்லை. அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டியிருந்தது, அது பிசியோதெரபி.

ஐ.சி.யூ.வில் சளியை வெளியேற்ற உதவுவது, மூளை முடக்குவாதக் குழந்தையை உட்காரப் பழக்குவது எல்லாம் இந்தப் படிப்பில் வரும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்கிறார்கள்.

சரி, சம்பளம். ஒளிக்காமல் சொல்கிறேன்: தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் குறைவு, அரசுப் பணியிடங்கள் கொஞ்சம்தான். எம்.பி.டி. என்ற மேற்படிப்பை முடித்து எலும்பு, நரம்பு, விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் கை தேர்ந்தவர்களும், பொறுமையாகச் சொந்த கிளினிக் நடத்துகிறவர்களும்தான் நன்றாக வருகிறார்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகச் சேர்வதானால் வேண்டாம்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். சேர்க்கை விதிகளும் படிப்புக் காலமும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2021 சட்டப்படி பிசியோதெரபி உள்ளிட்ட துணை மருத்துவத் துறைகளுக்கென்று தேசிய ஆணையம் வந்திருக்கிறது. அதனால் போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் சொல்வதை நம்பாமல் இந்த வருஷ அறிவிப்பைப் படியுங்கள். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இல்லையென்றால் மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். நோயாளியே வராத கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பிரயோஜனமில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் அனுமதி கேட்டு மகளை இரண்டு காலை உட்காரவையுங்கள். அதே தாத்தா, அதே கை, அதே “இன்னும் ஒரு தடவை”. மூன்றாவது நாள் அவளாகவே கிளம்பினால் விண்ணப்பம் போடுங்கள்.