ஒரு மீட்டர், ஒன்பது பேர்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்கட்டணம் பற்றியவை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் தாமான் குடியிருப்புவாசிகள் சிலர், அடுத்த கட்டண உயர்வு முடிவாகும் முன்பே மக்களின் கருத்தைத் திரட்டி, மகஜராக, அதாவது கோரிக்கை மனுவாக, அனுப்ப முனைந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆகவே மற்ற கடிதங்கள் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: "கட்டண உயர்வை எதிர்க்கிறோம்" என்று அச்சடித்த கடிதத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். போட்டால் பயன் உண்டா?
– ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி

பதில்: போடுங்கள் ஐயா. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஐந்நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டால், படிக்கும் அதிகாரிக்கு அது ஒரு கடிதம்தான். உங்கள் பில்லில் உள்ள எண்களோடு நீங்களே எழுதும் பத்து வரி தனியாக நிற்கும்.

கட்டணம் எப்படி முடிவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல் தன் செலவுக் கணக்கையும் முதலீட்டுத் திட்டத்தையும் எரிசக்தி ஆணையத்தின் முன் வைக்கிறது. ஆணையம் ஆராய்கிறது, அரசாங்கம் ஒப்புதல் தருகிறது. இப்போதைய காலம் 2025 முதல் 2027 வரை. இதற்கான சராசரி அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 39.95 சென்னிலிருந்து (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்) 45.62 சென் ஆகும் என்று 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது அது 45.40 சென். நாம் வாய் திறந்ததெல்லாம் அறிவிப்பு வந்த பிறகுதான். தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் ஒழுங்குமுறை ஆணையம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்று ஊர் ஊராக அமர்ந்து, உயர்வை இறுதியாக முடிவு செய்யும் முன்பே மக்களைப் பேசவிட்டுக் கேட்டது. இங்கே அந்தப் பழக்கம் இல்லை. அதையும் உங்கள் கடிதத்தில் கேளுங்கள்: முடிவுக்கு முன், தமிழிலும் பேசக்கூடிய ஒரு கூட்டம் எங்கள் ஊரில் வேண்டும் என்று. ஆணையத்துக்கு ஒன்று, அமைச்சுக்கு ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல்.

கேள்வி: பசார் மாலாம் இரவுச் சந்தையில் 'மின்சாரச் சேமிப்புப் பெட்டி' 79 வெள்ளிக்கு விற்கிறார்கள். சுவரில் செருகினால் பில் மூன்றில் ஒரு பங்கு குறையுமாம். வாங்கலாமா?
– இல்லத்தரசி

பதில்: வாங்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒன்று வாங்கினேன். மூன்று மாதம் செருகி வைத்திருந்தேன், ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு சிறிய மின்தேக்கியும் பச்சை விளக்கும் இருந்தன. வீட்டு மீட்டர் நாம் உண்மையில் செலவழிக்கும் யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது. அந்தப் பெட்டியால் அதை மாற்ற முடியாது. விற்றவரை மறு வாரம் தேடிப் போனேன், அந்த இடத்தில் வேறொருவர் காலணி விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: புது ஏர்கோன் (ஏசி) மாட்டியதிலிருந்து பில் இரட்டிப்பாகிவிட்டது. கட்டணம் ஏறியதுதானே காரணம்? இதையும் மகஜரில் எழுதலாமா?
– இளைஞர்

பதில்: எழுதாதீர்கள் தம்பி. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 2 குதிரைத்திறன் ஏர்கோனை மாட்டியிருக்கிறீர்கள், நட்சத்திர முத்திரையைப் பார்க்கவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்க அரை நிமிடம் போதும். உங்கள் அறைக்கு 1 குதிரைத்திறன் தாராளம். நியாயமான குறையோடு எழுதுகிறவர்களின் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒன்று போனால், எல்லாக் கடிதங்களின் மதிப்பும் குறையும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம், நாங்கள். மாதம் 720 யூனிட் ஓடுகிறது. நாங்கள் அதிகம் செலவழிக்கும் வசதியானவர்கள் என்பதுபோல் பில் வருகிறது. இது நியாயமா?
– தாதி

பதில்: நியாயமே இல்லை அம்மா. நான் பல மாதங்களாக எழுத நினைத்திருந்தது இதைத்தான்.

2025 ஜூலைக்குப் பிறகு வீட்டு யூனிட்டின் விலை மூன்று துண்டுகளாக வருகிறது: மின்சாரத்துக்கு 27.03 சென், மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்கும் கொள்ளளவுக்கு 4.55, கம்பித் தடத்துக்கு 12.85. மொத்தம் 44.43 சென். இதிலிருந்து சிக்கனச் சலுகை என்று ஒரு தொகையைக் கழிக்கிறார்கள். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். யூனிட் கூடக் கூடச் சலுகை தேய்ந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. 600ஐத் தாண்டியதும் வாடிக்கையாளர் சேவைக்கென மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டலும் சேர்கின்றன. 600க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 720 யூனிட் ஓடினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சலுகை 4.5 சென் மட்டுமே. சில்லறைக் கட்டணத்தோடு, வரிக்கும் சரிக்கட்டலுக்கும் முன் சுமார் 297 வெள்ளி. இதே ஒன்பது பேர் இரண்டு வீடுகளில் இருந்து வீட்டுக்குப் பாதியாக 360 யூனிட் செலவழித்தால் யூனிட்டுக்குச் சலுகை 17 சென். ஒரு வீட்டுக்கு 99 வெள்ளி, இரண்டுக்கும் 198. அதே ஆட்கள், அதே விசிறி, அதே சோற்றுப் பானை. ஒரே கூரையின் கீழ் வாழ்வதற்கு மாதம் நூறு வெள்ளி தண்டம்.

நம்மவர்கள் ஏன் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் போயின. லயத்தில் அண்ணனுக்கு ஒரு கதவு, தம்பிக்கு ஒரு கதவு இருந்தது. வெளியே வந்தபோது ஒரு குடும்பத்துக்கு ஒரு மலிவு விலை வீடு கிடைத்தாலே பெரிது. பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகியும் பிரிந்து போகப் பணமில்லை. பின்பக்கம் பலகை அடித்து ஓர் அறை இழுத்துக்கொண்டார்கள். மீட்டர் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. தலைக்கு 80 யூனிட் செலவழிக்கும் உங்களைச் சிக்கனம் இல்லாதவர் என்று சொல்லும் கணக்கு, வீட்டில் எத்தனை பேர் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மின்கட்டணத்திலும் கேட்க முடியும்.

உங்கள் மகஜரில் இதை எழுதுங்கள்: ஏழு பேருக்கு மேல் உள்ள வீட்டுக்கு 600 என்ற எல்லை உயர வேண்டும். பன்னிரண்டு மாத பில்லையும் வீட்டில் இருப்போரின் வயதையும் குறிப்பிடுங்கள். தாதி வேலைக்கு இரவில் போய்ப் பகலில் உறங்குவதையும், மாமனாருக்கு மூச்சுக் கருவி ஓடுவதையும் எனக்கு எழுதினீர்களே, அதை அப்படியே அவர்களுக்கும் எழுதுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 70 சென் வாங்குகிறார். "தெனாகா விலையை ஏற்றிவிட்டது" என்கிறார்.
– தொழிற்சாலை ஊழியர்

பதில்: உங்களை ஏமாற்றுகிறார். 1,500 யூனிட் வரை அடிப்படை விலை 44.43 சென்னுக்கு மேல் போகாது. வரியையும் சரிக்கட்டலையும் சேர்த்தாலும் 70ஐ எட்டாது. அவருடைய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, உங்கள் யூனிட்டால் பெருக்குங்கள். அதற்கு மேல் ஒரு சென் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் பணத்துக்கு ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குங்கள். அடுத்த முறை வீடு பார்க்கும்போது உங்கள் பெயரிலேயே மின்கணக்கு திறக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஒருவர், 3,000 வெள்ளி முன்பணம் கட்டினால் கட்டண உயர்வுக்கு முன் சோலார் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்.
– சிறு வியாபாரி

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் தனியாக இருக்கிறேன். 140 யூனிட்தான் ஓடுகிறது. எனக்குப் பில் குறைந்திருக்கிறது. நானும் எழுத வேண்டுமா?
– 74 வயதுப் பாட்டி

பதில்: கட்டாயம் எழுதுங்கள் பாட்டி. முன்பு 30 வெள்ளி 52 சென் கட்டிய நீங்கள் இப்போது 27 வெள்ளி 20 சென் கட்டுகிறீர்கள். குறைந்தது என்று உள்ளபடியே எழுதுங்கள். அந்த 25 சென் சலுகையை அடுத்த காலத்திலும் எடுத்துவிடக் கூடாது என்று கேளுங்கள். குறைந்ததைக் குறைந்தது என்று சொல்பவரின் பேச்சை நம்புவார்கள். அரசாங்கத்தின் ஏழைக் குடும்பங்களின் பதிவேடான இ-காசே பட்டியலில் பரம ஏழை என்று உங்கள் பெயர் இருந்தால் மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவும் உண்டு. பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பேத்தியை எழுதச் சொல்லி, நீங்கள் கையெழுத்திடுங்கள். பில்லின் நகலை இணையுங்கள், அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.