பீரோவை நகர்த்தாதீர்கள்

கேள்வி: குடியிருக்கும் வீட்டை விற்பதற்காக, புரோக்கர் வைக்காமல் நாங்களே ஆட்களுக்குக் காட்டி வருகிறோம். வருகிறவர்கள் எல்லாம் "நல்லா இருக்கு, சொல்றோம்" என்று போகிறார்கள், அப்புறம் பேச்சே இல்லை. பின் அறைச் சுவரில் ஓரிடத்தில் ஈரம் ஊறி நிற்கிறது. பெயின்ட் அடித்து, முன்னால் பீரோவை நகர்த்தி வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரின் அறையையும் காட்டித்தான் ஆக வேண்டுமா? - ஒரு வாசகி

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. பீரோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஈரச் சுவரில் அடிக்கும் பெயின்ட் நிற்காது. உள்ளே இருக்கும் நீர் வெளியே வரத்தான் பார்க்கும். வரும்போது செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, நீர் ஆவியானதும் உப்பை மட்டும் வெள்ளையாகப் பூக்க விட்டுவிடும், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். பீரோவால் மறைத்தால் இன்னும் மோசம். காற்றுப் படாத ஈரச் சுவர் பூஞ்சணத்துக்கு மிகவும் பிடித்த இடம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அறைக்குள் நுழைந்ததுமே வாடை சொல்லிவிடும். உங்களுக்கு அந்த வாடை தெரியாமல் போகலாம். ஒரே வாசனையில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும், அது எல்லோருக்கும் இயல்பு. அதனால், உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வராத, முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டு அறை அறையாக நடக்கச் சொல்லுங்கள். ரூம் ஸ்பிரே அடித்து வைக்காதீர்கள், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தைத்தான் அது கிளப்பும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள், ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் பரவினால் வெளிச்சுவரில் விரிசல் இருக்கலாம். தரையை ஒட்டியே நின்றால் மண்ணிலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சரிசெய்ய வசதி இருந்தால் செய்துவிட்டு ரசீதை எடுத்து வையுங்கள், சுவர் நன்றாகக் காய்வதற்கு முன் பெயின்ட் வேண்டாம். வசதி இல்லையா, விவரம் தெரிந்த ஆளிடம் செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, வருகிறவரிடம் நீங்களே சுவரைக் காட்டி அந்தத் தாளையும் கொடுங்கள். காரணமும் செலவும் தெரிந்த குறையை வைத்து விலை பேசலாம். அவராகக் கண்டுபிடித்தாரோ, அப்புறம் அந்த ஒரு சுவரோடு நிற்காது, கூரை, குழாய், ஒயரிங், பத்திரம் வரைக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். சட்டப்படியும் இது விளையாட்டில்லை. விற்கிறவருக்குத் தெரிந்த, சாதாரணமாகப் பார்த்தால் புலப்படாத குறையைச் சொல்லியாக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லும் இடங்களில்கூட, தெரிந்தே மூடி மறைத்தால் அது மோசடி வழக்காகலாம்.

ஆனால் வீட்டின் குறை வேறு, உங்கள் நெருக்கடி வேறு. ஏன் விற்கிறீர்கள், எவ்வளவு அவசரம், கையில் எவ்வளவு கடன் என்பதையெல்லாம் வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பலவீனமாக நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பார்கள்.

அடுத்து உங்கள் கணவரின் பேச்சு. நீங்கள் எழுதவில்லைதான், ஆனாலும் கேட்கிறேன்: வருகிறவர்கள் பின்னாலேயே போய் இந்த அலமாரி எப்படிச் செய்தது, இந்த டைல்ஸ் எங்கே தேடி வாங்கியது என்று சொல்லிக்கொண்டே வருகிறாரா? அப்படி என்றால் அவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள். தன்னுடையது என்று ஆகிவிட்ட பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் விலை போடுவார்கள். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போதுதான் கைக்கு வந்த ஒரு கோப்பைக்கே இந்தப் பற்று என்றால், இத்தனை காலம் வாழ்ந்த வீட்டுக்கு எவ்வளவு இருக்கும்! அந்தப் பற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வருகிறவருக்கு அவருடைய கட்டில் எங்கே போடுவது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று மனசுக்குள் வைத்துப் பார்க்க அமைதி வேண்டும். கதவைத் திறந்து விடுங்கள், விளக்கைப் போடுங்கள், கூடத்தில் உட்காருங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள். குழாயைத் திறந்து பார்க்கட்டும், ஜன்னலைச் சாத்திப் பார்க்கட்டும். போகும்போது "எது சரிப்படவில்லை?" என்று நேராகவே கேளுங்கள், "சொல்றோம்" என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணம் அப்போதுதான் வெளியே வரும்.

பகல் வெளிச்சத்தில் மட்டும் காட்டுங்கள். வருகிறவரின் பெயரையும் போன் நம்பரையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக இருக்கும்போது யாரையும் உள்ளே விடாதீர்கள். நகை, பத்திரம், மருந்து மாத்திரை எல்லாம் பூட்டின இடத்தில் இருக்கட்டும்.

மாமியார் அறை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். படுத்திருக்கும் ஒரு பெரியவரை முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவது அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்! வாங்குகிறவருக்கு அந்த அறையைப் பார்க்கும் உரிமை உண்டு, ஆனால் முதல் தடவையே பார்த்தாக வேண்டும் என்றில்லை. அறையின் அளவையும், அவர் இல்லாத ஒரு மூலையின் போட்டோவையும் காட்டினால் முதல் நாளுக்குப் போதும். உண்மையிலேயே வாங்க நினைத்து இரண்டாவது முறை வருகிறவருக்கு மட்டும் அறையைத் திறங்கள். அதுவும் மாமியாரிடம் முந்தின நாளே சொல்லி, எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டு, அவர் சொல்லும் நேரத்துக்கு அவர்களை வரச் சொல்லுங்கள்.