டெக்னாலஜிக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கட்-ஆஃப் குறைந்துவிட்டது. "எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்க் கடையோடு போச்சு, இனி எல்லாம் டெக்னாலஜிதான்" என்கிறார் தாய்மாமன். வீட்டை வைத்துக் கடன் வாங்கி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.டெக் ஐ.டி. சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள், அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

டெக்னாலஜி என்பது தனியாக ஒரு படிப்பு இல்லை. கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் துணி, தோல் பற்றிய படிப்புகளும் பி.டெக்தான். எலக்ட்ரானிக்ஸும் டெக்னாலஜியில் ஒரு பிரிவு: டயோடு, டிரான்சிஸ்டர், ஐ.சி. (சிப்) போன்ற சின்னச் சின்ன பாகங்களைக் கொண்டு மின்னோட்டத்தை அடக்கி ஆளும் வேலை. தாய்மாமன் சொல்லும் ஐ.டி. ஓடுவதும் அந்தச் சிப்பின் மேல்தான்.

பணத்துக்கு வருவோம். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் இடம் பெறுவோருக்கு மட்டுமே. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. தவணை கட்டப்போவதும் நீங்கள், மாமா அல்ல.

உறவுக்காரர்கள் யாரும் பேசாத வழி ஒன்று இருக்கிறது: அரசு பாலிடெக்னிக்கில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) டிப்ளமோ. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். முடித்ததும் லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கூடுவது ஒரு வருடம்தான், நடுவிலேயே கையில் ஒரு தகுதி வந்துவிடும். இஸ்ரோவின் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பு டிப்ளமோ போதும். ஓராண்டு அப்ரண்டிஸ் போனால் உதவித்தொகையும் உண்டு. டிப்ளமோ பிள்ளைகள் பி.இ.யில் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தில் ஃபூரியர் என்ற கணக்கு முறை வந்ததும் திணறுவார்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சேர்ப்பதற்கு முன் அவனுக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்கள். பிரெட்போர்டு (பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகை), 555 ஐ.சி. (எட்டுக் கால் டைமர் சிப்), 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி., 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 1 கே, 47 கே (கே என்றால் ஆயிரம் ஓம்), 470 ஓம் ரெசிஸ்டர்கள், கொஞ்சம் ஒயர் வாங்கித் தாருங்கள். ஐ.சி.யின் 4, 8-ஆம் கால்கள் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, 1-ஆம் கால் மைனஸுக்கு. 2-ஐயும் 6-ஐயும் இணைத்து, அங்கிருந்து மைனஸுக்குக் கெப்பாசிட்டர். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கே, 7-க்கும் 6-க்கும் நடுவே 47 கே. 3-இலிருந்து 470 ஓம் வழியாக எல்.இ.டி., அங்கிருந்து மைனஸுக்கு. சரியாக இருந்தால் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முறை மினுக்கும். எரியவே இல்லை என்றால் எல்.இ.டி. தலைகீழாக இருக்கலாம். அணையாமல் எரிந்தால் 2-6 இணைப்பைப் பார்க்க வேண்டும்.

இதை நீங்கள் சொல்லித்தராதீர்கள். மினுக்காதபோது சாப்பாட்டை மறந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். பார்த்தால் பாலிடெக்னிக் விண்ணப்பத்தைப் போடுங்கள். பத்து நிமிடத்தில் தள்ளி வைத்துவிட்டால் இ.சி.இ.யும் அவனுக்கு வேண்டாம். எதில் தானாக உட்காருகிறான் என்று அவனிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.