செயின்சா செயினை பெஞ்ச் கிரைண்டர்ல சாணை பிடிக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புங்க. காய்ப்பு நின்னுபோன மரங்களை அறுக்க செயின்சா வாங்கினேன், செயின் சீக்கிரமே மழுங்கிடுது. ஒவ்வொரு தடவையும் டவுனுக்கு தூக்கிட்டுப் போக முடியல. வீட்டுல அருவா தீட்டுற பெஞ்ச் கிரைண்டர் இருக்கு, அதுலயே செயினையும் பிடிச்சுக்கலாமா?

பதில்: அதுல வேண்டாங்க. அருவாளுக்கு அது சரி, ஆனா அந்தக் கல்லு முக்கா இஞ்ச், ஒரு இஞ்ச் தடிமன் இருக்கும், செயின்ல வெட்டுற பல்லுக்கும் அதுக்கு முன்னாடி நிக்கிற சின்ன மேட்டுக்கும் நடுவுல உள்ள பள்ளத்துக்குள்ள அது போகவே போகாது, கடைசியில பல்லோட மேல்பக்கம்தான் தேயும். அந்த மேல்பக்கத்துலதான் குரோம் பூச்சு இருக்கு, கூர் நிக்கிறதே அதனாலதான்.

செயினுக்குன்னே தனி கிரைண்டர் விக்குது, அதுல கல்லு 3.2 மி.மீ. இல்லன்னா 4.7 மி.மீ. தான் இருக்கும். மெல்லிசு கல்லுதானே வேணும்னு ஆங்கிள் கிரைண்டரோட கட்டிங் வீலை உங்க மெஷின்ல மாட்டிடாதீங்க, பக்கவாட்டுல அழுத்தம் பட்டா உடைஞ்சு முகத்துக்கே தெறிக்கும். தனி கிரைண்டர் வாங்கினாலும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு தொட்டு தொட்டுதான் எடுக்கணும், ஒரே அழுத்தா அழுத்தினா பல்லு முனை நீலம் பாரிச்சிடும், அப்புறம் அதுக்குப் பதம் போச்சுன்னு அர்த்தம், எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

உங்க தேவைக்கு உருண்டை அரமே போதும்னு நான் உறுதியா சொல்வேன். செயின் டப்பாவுல பிட்ச், அதாவது செயின் கண்ணிகளோட இடைவெளி அளவு, இஞ்ச்ல போட்டிருக்கும், 3/8 லோ புரொஃபைல்னா 4 மி.மீ. அரம், 0.325னா 4.8 மி.மீ. இஞ்சினை நிறுத்தி, கையுறை மாட்டி, பல்லோட உள்பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா மட்டும் தள்ளுங்க, இழுக்கும்போது அரத்தைத் தூக்கிடணும். சாய்வு பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி, பல்லு மேலயே அதுக்குக் கோடு போட்டிருப்பாங்க. இருக்கிறதுலயே குட்டையான பல்லு எதுவோ அந்த அளவுக்கு மத்ததையும் கொண்டு வரணும், ஒருபக்கப் பல்லு நீளமா நின்னுட்டா அறுப்பு கோணலா ஓடும்.

முன்னாடி இருக்கிற மேடு, அதான் டெப்த் கேஜ், பல்லை விட சுமார் 0.65 மி.மீ. தாழ்வா இருக்கணும். பல்லு தேயத் தேய அதையும் தட்டை அரத்தால கொஞ்சம் எடுக்கணும், ஆனா ரொம்ப எடுத்துட்டா பல்லு அளவுக்கு மீறி கடிச்சு மெஷின் உங்க பக்கமே எகிறும், அதுல மட்டும் அவசரம் வேண்டாம்.

சீவல் சீவலா விழாம மாவா கொட்டுச்சுன்னா தீட்டுற நேரம் வந்தாச்சு. அடிமரத்துல ஒட்டியிருக்கிற மண்ணை பிரஷ் போட்டுத் தட்டிட்டு அறுங்க, செயின் ஒருதடவை மண்ணுல பட்டாலே போதும், அன்னிக்கே திரும்ப அரத்தை எடுக்கணும்.