கேள்வி பதில்

கேள்வி: இத்தாலி நடிகை என்றாலே எல்லோரும் சோபியா லாரன் என்கிறார்கள். உங்களுக்குப் பிடித்தவர் யார்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சோபியாவையும் பிடிக்கும். ஆனால் என் மனசில் முதல் இடம் அன்னா மக்னானிக்குத்தான்.

1908-ல் ரோமில் பிறந்தவர். பாட்டி வளர்த்த பிள்ளை. இரவு விடுதிகளில் பாடித்தான் தொழிலுக்கு வந்தார். 1945-ல் இயக்குநர் ரோசெல்லினியின் ‘ரோம், ஓப்பன் சிட்டி’ படம் வந்தது. கல்யாண நாளன்று, மக்னானி நடித்த பெண்ணை மணக்கப்போகிறவனை ஜெர்மன் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ‘பிரான்செஸ்கோ!’ என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறாள் அவள். துப்பாக்கி வெடிக்கிறது. நடுத்தெருவில் சாய்கிறாள். சின்ன மகன் ஓடிவந்து அவள்மேல் விழுந்து அழுகிறான். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். உலகப் போரில் ரோமைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் ஊரை விட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகாதபோது படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பதற்றம் அவர் ஓட்டத்தில் தெரியும்.

அப்புறம் ஹாலிவுட். டென்னசி வில்லியம்ஸ் அவரை மனதில் வைத்தே ‘தி ரோஸ் டாட்டூ’ நாடகத்தை எழுதினார். ஆங்கிலம் சரளமாக வராது என்று மேடையில் நடிக்க மறுத்தவர், 1955-ல் அது படமானபோது நடித்து ஆஸ்கர் வாங்கினார். நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற முதல் இத்தாலியர் அவர்தான்.

வீட்டில் பெரிய துயரம் இருந்தது. ஒரே மகனுக்குச் சிறு வயதிலேயே போலியோ. 1973-ல் புற்றுநோயால் ரோமிலேயே இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் இயக்குநர் ஃபெலினியின் ‘ரோமா’ படத்தில், ராத்திரி நேரத்தில் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் வருவார். கலைந்த தலை, சோர்ந்த கண்கள், ஒரு சிரிப்பு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்.